சுவரில் என் சிரிப்பு

"தேர்தல் பேனர்ல உன் படத்தைப் போட்டா யாரு உத்துப் பாக்கப் போறா? ஒரு மாசம், அப்புறம் கிழிச்சிடுவாங்க," என்றார் என் கணவர்.

"பாக்கறவங்க பாப்பாங்க. உங்க இஷ்டம்," என்றேன்.

வேண்டாம் என்றுதான் அதற்கு அர்த்தம். அவருக்குப் புரியவில்லை, நானும் விளக்கவில்லை.

அவர் பேனர் அச்சடிக்கும் கடையில் படங்களை வடிவமைப்பவர். தேர்தலுக்காகக் கட்சிக்காரர்கள் கேட்ட 'நிம்மதியான இல்லத்தரசி' படம் அவசரத்துக்குக் கிடைக்கவில்லை. கல்யாணமான புதிதில் எடுத்த எங்கள் படத்திலிருந்து தன்னை வெட்டிவிட்டு என்னை வைத்துவிட்டார். அவர் நின்ற இடத்தில் கட்சிச் சின்னம். பஸ் ஸ்டாப், தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடச் சுவர் என்று எங்கும் அந்தச் சின்னத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டிலேயே துணி தைக்கிறேன். எதிர்க்கட்சி அபிமானியான பக்கத்து வீட்டு டீச்சர், பாதி தைத்த துணியைத் திரும்ப வாங்கிப் போனார். மற்றவர்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று என்னிடமே முறையிட்டார்கள். கட்சியில் எனக்கு ஒருவரையும் தெரியாது என்றால் யார் நம்புகிறார்கள்?

"பெரிய ஆளாயிட்டீங்கக்கா. எங்களையும் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க," என்றார் மளிகைக் கடைக்காரர்.

முகம் வாடியிருந்தால், உங்கள் ஆள் தோற்றுவிடுவாரா என்று கேட்டார்கள். அதனால் தெருவில் இறங்கினாலே படத்தில் உள்ளதுபோலச் சிரித்துவைத்தேன். ஒருநாள் குழாயடியில் ஒரு அம்மாளிடம், "நம்மாளு வந்தா சரியாயிடும்," என்று என் வாய் தானாகச் சொன்னது. வீடு திரும்பியபோது தாடை வலித்தது. வீட்டுக்கென்று சிரிப்பு மிச்சமில்லை.

இன்று சாயங்காலம் அவர் களைத்துப்போய் வந்தார். இன்னும் இருநூறு பேனருக்கு ஆர்டராம். வாசகம் மட்டும் மாறுகிறதாம், முகம் ஜனங்களுக்குப் பிடித்துப்போனதாம். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வீட்டுலயும் கொஞ்சம் சிரிக்கலாம்ல?" என்றார், விளையாட்டாகத்தான்.

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். மூன்று முறை முயன்றும் நுழையவில்லை. ஊசியைக் கீழே வைத்தேன். மூன்று வாரமாக நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போன சொல், இன்று திரும்பவில்லை.

"அந்தப் படத்துல நான் உங்களைப் பாத்து சிரிச்சிட்டிருந்தேன். அதை இனிமே அடிக்காதீங்க. அடிச்சே ஆகணும்னா, அந்தச் சின்னத்தை எடுத்துட்டு நீங்க வந்து நில்லுங்க."