மணல் போன வழி

என் கடற்கரையை ப்ரியாமோ தின்றுகொண்டிருக்கிறான் என்று பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நகராட்சியில் சொன்னேன், மீன் சந்தையில் சொன்னேன், பாவமன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் பாதிரியாரிடமும் சொன்னேன். காலா முர்தா கடற்கரையில் எனக்கு மரப்பலகையால் கட்டிய ஒரு சிற்றுண்டிக் கடையும் அதன் முன்னால் வாடகைக் குடைகளும் உண்டு. கடையை எடுத்த புதிதில் ஏழு வரிசைக் குடை நட்டேன். போன கோடையில் மூன்று வரிசைதான் நட முடிந்தது. தண்ணீர் ஓரத்திலிருந்து ஐந்து மீட்டர் காலியாக விட வேண்டும் என்பது விதி. கடல் ஒவ்வொரு குளிர்காலமும் ஏறி வந்தால் விதியும் கூடவே ஏறி வரத்தானே செய்யும்? இன்னும் ஒரு வரிசை போனால் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று நகராட்சி எழுத்திலேயே கொடுத்துவிட்டது. அந்தக் கடையை விட்டால் எனக்கு வேறு எதுவும் கிடையாது. கல்யாணம் பண்ணிக்கொள்ளக்கூட நேரம் ஒதுக்காதவள் நான்.

ப்ரியாமோ பக்கத்து வளைவில் உல்லாசப் படகுகளுக்குத் துறை கட்டியவன். கடலில் கல்லைக் கொட்டினான், அலை திசை மாறியது, என் மணல் அவன் துறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. நிரூபிக்கத்தான் ஆள் தேவைப்பட்டது. நாற்பது மனு எழுதினேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல் நகராட்சி பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்தது, கரையையும் கடலடியையும் வரைபடமாக்கித் தரச் சொல்லி.

அவள் பெயர் இலேனியா. செப்டம்பரில் வந்தாள். ஆளைவிட உயரமான ஒரு கம்பு, அதன் தலையில் செயற்கைக்கோளோடு பேசும் ஒரு தட்டு. மணல்மேட்டிலிருந்து தண்ணீர் வரை நடப்பாள், இரண்டடிக்கு ஒரு தடவை நிற்பாள், கம்பை ஊன்றுவாள், ஒரு பித்தானை அழுத்துவாள். எனக்கு ஒரு இடத்தில் நிற்க வராது. அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"இப்படி நின்னு நின்னு போனா கிறிஸ்துமஸ் வந்துடும், பொண்ணு."

"வந்தா வரட்டும் அக்கா. நீங்க எனக்கு முன்னாடி மட்டும் நடக்காதீங்க. காலையிலேர்ந்து உங்க கால்தடத்தைத்தான் அளந்துகிட்டிருக்கேன்."

கரை முடிந்ததும் கடல். அவள் கண்ணாடி மாட்டிக்கொண்டு நீந்துவாள், பின்னால் நான் படகில் துடுப்புப் போடுவேன். கூலிக்கு ஆள் வைத்தால் அவன் மெதுவாகப் போடுவான், எனக்குப் பொறுக்காது. ஒவ்வொரு இருபது மீட்டருக்கும் அவள் தலையைத் தூக்கிக் கத்துவாள்: "புல்!" "புல்!" "மணல்!" "செத்த வேர்!" நான் நோட்டில் எழுதுவேன். ப்ரியாமோவின் துறைப் பக்கம் நெருங்க நெருங்க இன்னும் வேகமாகத் துடுப்புப் போடுவேன். அங்கே கடற்புல் அழிந்திருக்கும், மணல் குவிந்து கிடக்கும் என்று காத்திருந்தேன்.

"புல்!" என்றாள். "நல்லா அடர்த்தியா இருக்கு அக்கா. ஆரோக்கியமான புல்வெளி!"

"நல்லாப் பாரு!"

"பார்த்துட்டுத்தான் சொல்றேன்!"

"அவன் துறைக்குக் கீழ பாரு!"

"தண்ணிக்கடியில யார் பேரும் எழுதியிருக்காது அக்கா. எழுதிக்கோங்க, புல்."

எழுதினேன். எழுதும்போது பென்சில் முனை உடைந்தது.

பிறகு மண் எடுத்தாள். மேட்டில், கரையில், கடலடியில், ப்ரியாமோவின் துறைக்குள். பை பையாகக் கொண்டுவந்து என் கடை அடுப்பில் உலர்த்தினாள். ரொட்டி சுடுகிற அடுப்பு. அன்றைக்குப் பிறகு ஒரு வாரம் ரொட்டி நெறுநெறுத்தது. காபி கொடுக்கிற மேடையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏழு சல்லடையை அடுக்கிச் சலித்தாள். சலித்ததைப் பூதக்கண்ணாடியில் என்னைப் பார்க்கச் சொன்னாள். எங்கள் மணல் கல் உடைந்து வந்ததே அல்லவாம். கடற்புல்லின் இலையிலும் வேரிலும் ஒட்டி வாழ்கிற சின்னஞ்சிறு உயிர்களின் ஓடு, சிப்பித் துணுக்கு, கடல் முள்ளெலியின் முள். நடுநடுவே இளஞ்சிவப்பாகப் பொடிப்பொடியாய் ஏதோ. இருபத்திரண்டு வருடம் அதன்மேல் நடந்திருக்கிறேன், குனிந்து பார்த்ததில்லை.

துறைக்குள் எடுத்தது கருத்த சேறு, ஆற்றிலிருந்து வந்தது.

"உங்க மணல் ஒரு சிட்டிகைகூட அங்க இல்ல அக்கா."

"எத்தனை இடத்துல எடுத்தே?"

"பதினாலு."

"அப்ப பதினஞ்சாவது இடத்துல இருக்கும்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கடையைச் சுற்றி மூன்று தடவை நடந்துவிட்டு வந்தேன்.

அதற்குள் நவம்பர் புயல்கள் தொடங்கிவிட்டன. உதிர்ந்த புல்லையெல்லாம் கடல் வாரிக் கொண்டுவந்து கரையில் இடுப்புயரத்துக்குக் குவித்தது, எல்லா வருடமும் செய்வதுபோல. இலேனியா அந்தக் குவியலைச் சுற்றி வந்தாள். பிறகு ஒரு படத்தை நீட்டினாள், வானத்திலிருந்து எடுத்தது.

"இது போன பிப்ரவரி கடைசியில எடுத்தது. கரை மொட்டையா இருக்கே. குவியல் எங்க?"

"நான் சுத்தமா வெச்சிருக்கேன்," என்றேன் பெருமையாக. மற்ற கடற்கரைக்காரர்கள் மே மாதம் வரை அந்த அழுகலைப் போட்டு வைத்திருப்பார்கள். சோம்பேறிகள். நான் பிப்ரவரி பிறந்ததும் நகராட்சி டிராக்டரை வரவழைத்துவிடுவேன். வாசலில் குப்பை கிடந்தால் வசந்தம் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேனா?

"எங்க கொட்டுறீங்க?" என்று கேட்டாள். குரல் மாறியிருந்தது.

டிராக்டர் ஓட்டுகிறவன் பக்கீசியோ. நல்லவன், ஆனால் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிப்பதற்குள் நமக்குப் பசித்துவிடும். ஊருக்குப் பின்னால் இருக்கும் பழைய களிமண் குழிக்கு அவன்தான் எங்களைக் கூட்டிப்போனான். குழி எங்கே இருந்தது? மேடாகிவிட்டிருந்தது. மேலே கறுப்பாக மக்கிய புல், அதில் செடி முளைத்திருந்தது. இலேனியா மண்வெட்டியால் ஒரு சாண் வெட்டினாள்.

வெள்ளையாக இருந்தது.

மண் எடுக்கிற குழாயை இறக்கிப் பார்த்தாள். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், மூன்று. புல்லும் மணலும், புல்லும் மணலுமாக. நான் முழங்காலிட்டு ஒரு கை அள்ளினேன். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. அந்த இளஞ்சிவப்புப் பொடி என் உள்ளங்கையில் கிடந்தது.

"புல் தனியா வராது அக்கா," என்றாள் இலேனியா. "ஒவ்வொரு அலையும் புல்லுக்கு இடையில மணலைத் திணிச்சிட்டுப் போகும். மார்ச் மாசப் புயல் வந்து அடிக்கும்போது அடியை அந்தக் குவியல்தான் வாங்கும். நீங்க அதுக்கு முன்னாடியே எடுத்துட்டீங்க."

பக்கீசியோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நான் ரெண்டு மூணு தடவை சொன்னேன் அக்கா. டிராக்டர் வாளி ரொம்பக் கனமா இருக்குன்னு."

"நான் என்ன சொன்னேன்?"

"'ஈரப்புல்லு கனமாத்தான் இருக்கும், வளவளன்னு பேசாம அள்ளு'ன்னு சொன்னே."

சொல்லியிருப்பேன். என் வாய்தானே.

திரும்ப அள்ளிக்கொண்டு போய்ப் போடலாமே என்று அன்றைக்கே நகராட்சிக்கு ஓடினேன். குழியில் கொட்டியது குப்பை, குப்பையைக் கரையில் கொட்ட அனுமதி இல்லை என்றார் எழுத்தர். என் மணல் நாலு கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. போய்ப் பார்க்கலாம், தொடலாம், கொண்டுவர முடியாது.

ஜனவரி கடைசியில் வரைபடம் வந்தது. கடையின் மேடையில் விரித்தாள். புல்வெளி பச்சை, மணல் மஞ்சள், செத்த வேர் பழுப்பு. மணல் நகரும் திசைக்கெல்லாம் சின்னச் சின்ன அம்பு. எல்லா அம்பும் கடலுக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. ஒன்று மட்டும், எல்லாவற்றையும்விடத் தடிமனாக, கரையிலிருந்து கிளம்பி என் கடையை ஒட்டிய பாதை வழியாக ஊருக்குள் போனது.

"'அகற்றப்பட்டது'ன்னுதான் போட்டிருக்கேன் அக்கா. யாருன்னு போடல. நானும் சொல்ல மாட்டேன்."

வெள்ளிக்கிழமை மாலை நகராட்சிக் கூடத்தில் அதை விளக்குவதாக ஏற்பாடு. ஊரையே அழைத்திருந்தேன், ப்ரியாமோவின் மானம் போவதைப் பார்க்க. போகாமலே இருந்துவிடலாமா என்று நினைத்தேன். படம் பொய் என்று கத்தலாமா என்றும் நினைத்தேன். பதினாலு இடம் போதாது என்றால் நம்புவதற்குப் பாதி ஊர் தயாராக இருந்தது. காலையிலிருந்து கடையின் நாற்காலிகளையெல்லாம் துடைத்தேன், துடைத்ததையே திரும்பத் துடைத்தேன்.

கூடம் நிரம்பியிருந்தது. ப்ரியாமோ முதல் வரிசையில், தேய்த்த சட்டையில், வக்கீலோடு உட்கார்ந்திருந்தான். இலேனியா படத்தை எடுக்கக் கையை நீட்டியபோது நான் எழுந்துவிட்டேன்.

"துறை இல்ல," என்றேன். "நான்தான். பிப்ரவரி பிப்ரவரியா வண்டி வெச்சு மணலை அள்ளிக் கொட்டினது நான்தான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ப்ரியாமோ மெதுவாகத் திரும்பினான்.

"பதினோரு வருஷம் என்னைத் திருடன்னு சொன்னே போனாரியா. என் பொண்ணு கல்யாணத்துல வந்து உக்காந்து சாப்பிட்டுட்டும் சொன்னே."

"சொன்னேன்."

"இப்ப என்ன சொல்றே?"

"மன்னிச்சுக்கோ."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், நன்றாக இருந்திருக்கும். அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கோடையில் அள்ளினாலும் மணல் கூடவே போய்விடும், ஐந்து வருடம் குவியலைத் தொடாமலே விட்டால் ஒரு வரிசை, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு வரிசை திரும்பி வரலாம் என்றாள் இலேனியா. உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னாள். கடைக்காரர் கேட்டால்தான் வண்டி அனுப்புவோம், முடிவு போனாரியாவுடையது என்று நகராட்சித் தலைவர் கூட்டத்தை முடித்துவிட்டார்.

நேற்று சீசன் தொடங்கியது. குவியல் அப்படியே கிடக்கிறது, பழுப்பாக, ஈ மொய்க்க, வெயிலில் நாறிக்கொண்டு. பத்தொன்பது வருடமாக வருகிற டொரினோ நகரத்துத் தம்பதி முதலில் வந்தார்கள். அந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"போனாரியா, உனக்கு உடம்பு சரியில்லையா? ஏன் சுத்தம் பண்ணல?"

சிப்பி, முள், மார்ச் மாதப் புயல் என்று என்னென்னமோ சொன்னேன். பாதியிலேயே அவர் கணவர் காரைத் திருப்பிவிட்டார். அடுத்த வளைவுக்குப் போயிருப்பார்கள்.

இன்றைக்கும் அதே கதை. மதியம் வரை விரிந்தது நாலே குடை. காலையில் முதல் குடைக்கும் தண்ணீருக்கும் நடுவே அடிவைத்து அளந்தேன். போன வருடத்தைவிட அரை அடி அதிகம். ஒருவேளை அடியைக் குறுக்கி வைத்தேனோ என்னவோ.

இன்னொரு கார் வந்து, நின்று, திரும்பிப் போனது. போனை எடுத்தேன்.

"பக்கீசியோ, எங்கடா இருக்கே?"

"ஷெட்டுலதான். வண்டியைக் கழுவிட்டிருக்கேன்."

"டீசல் இருக்கா?"

"இருக்கு. இப்பக் கிளம்பினா இருபது நிமிஷம். அக்கா, காலையிலேர்ந்து இது மூணாவது தடவை. வரட்டுமா, வேண்டாமா?"

"வராதே."

"சரி."

"நாளைக்கும் கூப்பிடுவேன். கெஞ்சுவேன், திட்டுவேன், உங்க அப்பனை இழுப்பேன். அப்பவும் வராதேடா."