தனிமைப் பயணக் குழு

அந்தப் பெரிய மருத்துவமனையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. தலைமை மருத்துவர் முதல் லிஃப்ட் இயக்குபவர் வரை எல்லோருக்கும் அவள் 'புகார் மேடம்'தான். புகார்ப் பிரிவில் பதினோரு வருடம். கண்ணாடித் தடுப்பில் கையகல ஓட்டை ஒன்று இருக்கும். உலகம் அதன் வழியாக வாயை வைத்து அவளிடம் பேசியது. ஊசி வலித்தது, நர்ஸ் சிரிக்கவே இல்லை, இன்னொரு நர்ஸ் தேவையில்லாமல் சிரித்தாள், பக்கத்துக் கட்டில்காரர் குறட்டையில் தாளம் தப்புகிறது. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுப் படிவத்தில் ஏற்றுவதற்குத்தான் சம்பளம்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு வேளையில் கைப்பேசியில் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. வெள்ளைவெளேரென்று ஒரு யாட், பணக்காரர்கள் போகும் சொகுசுப் படகு. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தீவுகள். ஏழு நாள் பயணம். 'பெரும்பாலான தீவுகளில் மனித நடமாட்டம் இருக்காது. பேச்சுத் துணையை எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும்' என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். எதற்கு மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. அந்த வரியை நான்கு முறை படித்தாள்.

அன்று சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். காப்பீட்டு அலுவலகத்தில் உதவி மேலாளரான அவன், அபாயம் ஏதும் இல்லையென்று நான்கு கோணத்திலும் யோசித்துவிட்டு, "நாம ரெண்டு பேரும் மட்டும் போலாம். ஒருத்தருக்கும் மூச்சு விடாதே" என்றான்.

அவள் விடவில்லை. அவன் விட்டான். அதுவும் அக்காவிடம் மட்டும்தான். அக்காவிடம் சொல்வது யாரிடமும் சொல்லாததற்குச் சமம் என்பது அவன் நாற்பத்தாறு வருட நம்பிக்கை.

மறுநாள் காலை அவள் பல் தேய்த்து முடிப்பதற்குள் 'தனிமைப் பயணம்' என்ற வாட்ஸ்அப் குழுவில் அவளையும் ஒரு ஆளாகச் சேர்த்திருந்தார்கள். குழுவில் மொத்தம் பதினான்கு பேர். தலைமை, நாத்தனார்.

ஒன்பது நாளில் நானூற்றுப் பன்னிரண்டு செய்திகள். நாத்தனாரின் கணவர் மூன்று வருடம் துறைமுக அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியவர். அந்தத் தகுதியில் குடும்பத்தில் அவருக்குக் 'கேப்டன்' என்று பட்டம். நங்கூரம் எங்கே போட வேண்டும் என்று அவர் அம்புக்குறி வைத்துப் படம் வரைந்து அனுப்பினார். புகார் மேடத்தின் சொந்தத் தம்பி, தீவில் ஆளே இல்லை என்பதை மேலிருந்து படம் பிடித்து எல்லோருக்கும் காட்ட ட்ரோன் வாங்கிவிட்டான். ஆளில்லாத இடத்தில் கைப்பேசி சிக்னல் கிடைக்குமா என்று நாத்தனார் அவளுக்குத் தனியாகப் போன் போட்டாள்.

"கிடைக்காது அண்ணி. அதுக்குத்தான் அங்க போறதே."

"அப்போ அங்க போய் என்னதான் செய்யறது?"

"சும்மா இருக்கறது."

"சும்மா இருக்கறதுக்கு எல்லாரும் சேர்ந்து போனாத்தானே நல்லாருக்கும்" என்றாள் நாத்தனார். அந்தத் தர்க்கத்துக்குப் பதில் சொல்லும் அளவுக்கு அவள் படித்திருக்கவில்லை.

படகு நிறுவனத்துப் பெண்ணிடமிருந்து மின்னஞ்சல் வந்தது அப்போதுதான். முதல் தீவுக்குப் போக, தண்ணீரில் இறங்கும் குட்டி விமானத்தில் ஏற வேண்டும். ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் எடையை அந்தரங்கமாகத் தெரிவிக்கவும். படகுத்துறையில் தராசு இருக்கும். சொன்னதற்கு மேல் மூன்று கிலோ கூடினால் ஏற்ற மாட்டோம்.

அவள் அதை இரண்டு முறை நிதானமாகப் படித்தாள். 'அந்தரங்கமாக' என்ற சொல்லை மட்டும் கவனமாக எடுத்துவிட்டு, மீதியைக் குழுவில் போட்டாள். 'எல்லோரும் எடையை இங்கேயே போட்டுவிட்டால் எனக்கு ஒரே இடத்தில் எடுத்துக்கொள்ள வசதி' என்றும் சேர்த்தாள். வசதிக்காகத்தான், வேறு கெட்ட எண்ணம் எதுவும் அவளுக்குக் கிடையாது.

குழு இரண்டு நாள் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது.

மூன்றாம் நாள் தம்பி எழுபத்தொன்று என்று போட்டான். அவன் பெண்டாட்டி கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மையைப் போட்டாள். எழுபத்தொன்று அழிக்கப்பட்டது. பெண்களிடம் எடை கேட்கும் நிறுவனம் என்ன நிறுவனம் என்று நாத்தனார் குரல் பதிவு அனுப்பினாள். வீட்டுத் தலைவன் வழிகாட்ட வேண்டும் என்று கணவன் துணிந்து 78 என்று போட்டான்.

கேப்டன் உடனே போனில் வந்தார். அவன் ஸ்பீக்கரில் போட்டது அவன் கெட்ட நேரம்.

"மாப்ளே, போன மாசம் எங்க வீட்டுத் தராசுல ஏறினப்ப தொண்ணூத்தி மூணு காட்டுச்சே."

"உங்க தராசு கோளாறு, அத்தான்."

"தராசு சரியாத்தான் இருக்கு. நான் தினமும் ஏறிப் பாக்கறேன்ல."

"அப்படின்னா உங்க எடையக் குழுவுல போடுங்க."

கேப்டனுக்குக் கடல்காற்று ஒத்துக்கொள்ளாது என்பது அந்த நிமிடத்தில்தான் அவருக்கே நினைவு வந்தது. நாத்தனாருக்குக் கேப்டனைத் தனியாக விட்டுப் பழக்கமில்லை. மற்றவர்களுக்கு ஒரே வாரத்தில் திருமணம், தேர்வு, முழங்கால் வலி என்று வரிசையாக வந்து சேர்ந்தன. கடைசியில் கணவனும் சாப்பாட்டு மேசையில் தட்டைப் பார்த்தபடி, "ஆபீஸ்ல தணிக்கை வருதாம். நீ வேணா உன் ஃப்ரெண்டு யாரையாவது கூட்டிட்டுப் போயேன்" என்றான். படகுத்துறையில் ஊர் பார்க்கத் தராசில் ஏறுவதைவிட அவனுக்குத் தணிக்கை தேவலாம்.

அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. தனியாகவே போகலாம் என்று முடிவு செய்து சமையலறைக்குள் நுழைந்தால், அங்கே மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பித்தான் வைத்த பழைய போன் என்பதால் அவளை யாரும் குழுவில் சேர்த்திருக்கவில்லை.

"எழுதிக்கோ. அறுபத்தி ஒண்ணு" என்றாள் மாமியார், தலை நிமிராமல். "மூக்குக்கண்ணாடியோட."

"நீங்களா அத்தை? வீட்டைப் பாத்துக்க ஆள்..."

"எல்லாரும் கிளம்பறதா இருந்தப்ப என்னை வீட்டைப் பாத்துக்கச் சொல்லி முடிவு பண்ணீங்க. இப்பத்தான் வீட்டைப் பாத்துக்க எல்லாரும் இருக்காங்களே."

பதினோரு வருடத்தில் ஆயிரம் பேரை நயமாகத் திருப்பி அனுப்பியவள், பயணப் படிவத்தை எடுத்து விரித்தாள். பத்தொன்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் தன்னோடு நாலு வார்த்தை முகம் கொடுத்துப் பேசாத மனுஷியோடு ஏழு நாள், சுற்றிலும் தண்ணீர். நல்ல தனிமை என்று நினைத்துக்கொண்டு படிவத்தில் இரண்டு பேர் என்று எழுதினாள்.

படகுத்துறைத் தராசில் மாமியார் ஏறி நின்றாள். அறுபத்தொன்று, இருநூறு கிராம். தராசுக்காரர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

மூன்றாவது தீவில் உண்மையாகவே ஒருவரும் இல்லை. மாலுமி இரண்டு மடக்கு நாற்காலிகளை மணலில் அருகருகே போட்டுவிட்டுப் படகுக்குப் போய்விட்டார். வெயில் தாழ்ந்த நேரம். தண்ணீர் கால் வரை வந்து வந்து போனது. இவ்வளவு அமைதி இருந்தால் ஏதாவது பேசத்தானே வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"அத்தை, போன வாரம் ஆஸ்பத்திரியில ஒரு ஆளு வந்து, கஞ்சி சூடா இருக்குன்னு..."

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே?" என்றாள் மாமியார்.

"சொல்லுங்க."

"உன் மாமனார் சோறு திங்கும்போதுகூட வாயை மூடினதில்ல. போய்ச் சேர்ந்தாரு. சரி, இனிமே கொஞ்சம் சத்தமில்லாம இருக்கும்னு பாத்தா, நீ வேலைக்குப் போக ஆரம்பிச்ச. தினமும் சாயங்காலம் வந்து யாரு என்ன குத்தம் சொன்னான்னு அடுப்படியில நின்னு ஒண்ணு விடாம ஒப்பிக்கற. பதினோரு வருஷமாச்சு. எனக்குத் தலையெல்லாம் கனக்குது. இங்க யாரும் பேச மாட்டாங்கன்னு உன் புருஷன் போன்ல சொல்லிட்டிருந்தது காதுல விழுந்துச்சு. அதான் வந்தேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. அடுப்படியில் மாமியார் முகம் திருப்பிக்கொண்டு நின்ற சாயங்காலங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. அது வெறுப்பு என்று இத்தனை நாள் கணக்கு வைத்திருந்தாள். கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன முகம் எப்படி இருக்கும் என்பது வேறு யாரையும்விட அவளுக்குத்தானே தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியெல்லாம் இல்லை அத்தை என்று ஆரம்பித்து, நீளமாக ஒரு விளக்கம் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள். எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கரையோரமாக நடந்தாள். இருபது அடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.

மாமியார் திரும்பிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ என்று கையால் காட்டினாள்.