இரண்டு பக்கமும் நாற்பது

காபார் வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி நிறுத்தினான். சைடு கார் வைத்த பழைய சோவியத் மோட்டார் சைக்கிள். இடமும் வலமுமாக இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்புரேட்டர். இரண்டும் ஒத்துப்போகாமல் ஏற்றத்தில் வண்டி உதறியது.

வண்டியின் சொந்தக்காரர் எசென், கல்லுடைக்கும் ஆலையின் டாக்டர். அந்த ஆலையில் காபார் பதினான்கு வருடம் அரவை இயந்திரத்தடியில் நின்றவன். பின்னால் வந்த லாரியின் ஹாரன் காதில் விழவில்லையென்று வேலையை விட்டு அனுப்பினார்கள். ஆனால் எசென் எழுதிய சான்றிதழில் செவித்திறன் சரியாக இருப்பதாக இருந்தது. அதனால் ஊனத்தொகையும் இல்லை. மேல்முறையீட்டு விசாரணை வியாழக்கிழமை.

மனைவி சூரா அவன் முகத்துக்கு நேராக வந்து வாயை அகலத் திறந்து சொன்னாள். "அவர்கிட்ட காசு வாங்காதீங்க. மனசு இளகட்டும்."

வலப்பக்கப் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, கியரைப் போட்டு இடது சிலிண்டரை மட்டும் ஓட்டினான். சக்கரம் அந்தரத்தில் சுழன்றது. ஸ்பீடோமீட்டர் முள் நாற்பதில் நின்றது. ஒயரை மாற்றினான். வலது முப்பதைத் தாண்டவில்லை. கேபிள் திருகைக் கால் சுற்று திருப்பி, சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். மறுபடி திருப்பினான். கை சுட்டுச் சிவந்த பிறகு வலதும் நாற்பதுக்கு வந்தது. இரண்டு ஒயரையும் மாட்டினான். வண்டி உதறவில்லை.

"கொமுஸ் தந்தியை மீட்டின மாதிரி இருக்குய்யா!" என்றார் எசென் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து. காபார் திரும்பவில்லை.

"பின்னாடி நின்னு பேசினா அவருக்குக் கேக்காது டாக்டர்," என்றாள் சூரா.

"என் பொண்டாட்டி கூப்பிட்டா எனக்கும்தான் கேக்காது."

சூரா சிரித்துவைத்தாள். புளித்த குதிரைப்பால் குமிஸ் ஒரு ஜாடியைச் சைடு காரில் வைத்தாள். "வியாழக்கிழமை கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க டாக்டர்."

"பாத்ததைத்தானே சொல்லப்போறேன். கவலைப்படாதே."

வியாழக்கிழமை காபாரை மட்டும் விசாரணை அறைக்குள் விட்டார்கள். கதவுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தார்கள். எசென் எழுந்து காகிதத்தைப் பார்த்தபடி பேசினார். குனிந்த முகத்தில் உதடு தெரியவில்லை.

"போன வாரம் என் கண்ணால பாத்தேன். ரெண்டு கார்புரேட்டரையும் சத்தத்தை வச்சே ஒண்ணாக்குறார். எனக்குக் கேக்காத வித்தியாசம் அவருக்குக் கேக்குது. இவரா செவிடு?"

மேசைக்குப் பின்னால் நடுவில் இருந்த விசாரணைத் தலைவி காபாரை நேராகப் பார்த்தாள். "டாக்டர் சொல்றது உண்மைதானா?"

எல்லா முகங்களும் தன் பக்கம் திரும்பியதைக் காபார் கண்டான். எசென் புன்னகையோடு இருந்தார். டாக்டர் சொன்னபடி பார்த்துச் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டான்.

வெளியே கதவுக் கண்ணாடியில் சூரா இரண்டு கையாலும் அடித்தாள். "இல்லைன்னு சொல்லுங்க! இல்லைன்னு சொல்லுங்க!" காவல்காரன் அவள் தோளைப் பிடித்து இழுத்தான்.

காபார் நெஞ்சில் கை வைத்து, டாக்டரைப் பார்த்து நன்றாகத் தலையாட்டினான்.