களிமண் வட்டாரத்தில் விளைவன

ஆற்றுக்குக் கிழக்கே உள்ள களிமண் நிலத்தில் ஒருவர் விதைப்பது அவர் வயலில் முளைக்காது. வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வயலில்தான் முளைக்கும். மாவட்டத்தின் மற்ற மண்ணெல்லாம் சொன்ன பேச்சு கேட்கும். மேட்டுச் செம்மண்ணில் நிலக்கடலை போட்டால் நிலக்கடலை வரும், ஆற்றோர மணலில் தர்பூசணி போட்டால் தர்பூசணி வரும். களிமண்ணுக்கு மட்டும் இந்தக் கிறுக்கு. மண் பரிசோதனை நிலையத்து அதிகாரியம்மா அதைத் தோண்டி, உலர்த்தி, சலித்து, கரைத்துப் பார்த்து அலுத்துவிட்டாள். சுண்ணாம்பு அதிகம், தண்ணீர் வடியாது, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அத்தனையும் எழுதி, முளைக்கிற இடத்தைப் பற்றியும் எழுதி அனுப்பினாள். மாதிரி எடுத்ததில் தவறு, மறுபடி எடுக்கவும் என்று தலைமை அலுவலகம் சலிக்காமல் திருப்பி அனுப்பியது.

ஊர்க்காரர்கள் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வயல்கள் ஜோடி ஜோடியாக இருந்தன. வரப்பை ஒட்டிய இருவரும் பேசி வைத்துக்கொண்டு, இவர் அவருக்காக விதைப்பார், அவர் இவருக்காக விதைப்பார். யாரும் சொத்தை விதை போட்டதில்லை. போட்டால் தன் வயலுக்கும் அதுதான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாத மடையர்கள் இரண்டே பேர்தான், இரண்டு பேரும் அதிகாரியம்மாவின் கூடப் பிறந்தவர்கள்.

அப்பா போன பிறகு பெரிய தம்பியும் சின்னத் தம்பியும் நிலத்தை நடுவில் வரப்பு போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். மோட்டார் யார் முறை என்பதில் வாய் தடித்து, பேச்சு நின்றது. மிளகாய் வேண்டியிருந்த சின்னவனுக்குப் பெரியவன் ஆமணக்கு விதைத்தான். தக்காளி வேண்டியிருந்த பெரியவனுக்குச் சின்னவன் சும்மா இருப்பானா, நெருஞ்சி விதையைத் தேடிப் பொறுக்கிக்கொண்டு வந்து தூவினான். அதற்கடுத்த வருடங்களில் இருவருமே விதைப்பதை நிறுத்தினார்கள். அக்கா இரண்டு வீட்டிலும் சாப்பிட வேண்டும், இரண்டு வீட்டிலும் மற்றவன் பெயரை எடுக்கக் கூடாது. "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற வரப்பாடா? ஆளாளுக்கு மிதிக்கிறீங்க!" என்று ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

வெறும் வயலைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன சின்னவன், மேல்மண்ணைச் செங்கல் சூளைக்காரருக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டான். அதற்குப் பதில் அடுப்படி கட்டச் செங்கல் கிடைக்கும். ஒரு விரற்கடை மண் உண்டாக எத்தனை தலைமுறை ஆகும் என்று அக்காவுக்குத்தானே தெரியும்? பெரியவனிடம் ஓடினாள். அவன் வயலில் ஒரு சால் மிளகாய் தூவினால் போதும், தம்பி வயலில் பச்சை தெரிந்தால் மனது மாறிவிடும் என்றாள்.

"அவன் வந்து கேட்கட்டும்க்கா."

சின்னவனிடம் ஓடினாள்.

"நான் ஏன் கேட்கணும்? அவருக்கா தோணக் கூடாதா?"

இரண்டு சுவரிலும் முட்டியதுதான் மிச்சம். பொக்லைன் வந்தது, மூன்றடி மண்ணை அள்ளிக்கொண்டு போனது. அடியில் இருந்த மஞ்சள் சுக்கான் மண்ணில் புல்கூடப் பிடிக்காது. வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பெரியவன், மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல், தன் வயல் முழுக்க முதல் தரமான மிளகாய் விதையைத் தூவினான். செய்தி கேட்ட அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

பள்ளத்தில் எதுவும் முளைக்கவில்லை. சூளை முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த பச்சைச் செங்கற்களில் மிளகாய்க் கன்றுகள் முளைத்தன. சூளைக்காரர் எல்லோரையும் திட்டிவிட்டு, அப்படியே சுட்டு லாரியில் ஏற்றினார். நெருப்பு அந்த விதையை ஒன்றும் செய்யவில்லை. முதல் மழைக்குத் தபால் அலுவலகத்தின் புதுச் சுவரில் மிளகாய் காய்த்தது, பள்ளிக்கூடப் படிக்கட்டில் காய்த்தது. சின்னவன் வீட்டு அடுப்படியில் அம்மிக்கு மேலேயே கொத்துக் கொத்தாகத் தொங்கியது. அவன் மனைவி கை நீட்டிப் பறித்து அரைத்தாள். அவன் சாப்பிட்டான், கண்ணில் தண்ணீர் வந்தது, காரம் என்றான். வெள்ளையடிப்பவர்கள் அன்றிலிருந்து காய்ப்பு முடிந்த பிறகுதான் ஏணியோடு வருகிறார்கள்.

பெரியவன் ஒவ்வொரு போகமும் விதைத்தான். பதிலுக்கு விதைக்கச் சின்னவனுக்கு வயல் ஏது? கொஞ்ச காலம் யோசித்துவிட்டு, ஒரு மாலை அடுப்படிச் சுவரின் செங்கல் இடுக்குகளில் தக்காளி விதையை விரலால் அழுத்திவைத்தான். பெரியவன் வயலில் தக்காளி வந்தது. நேர்வரிசையாக வரவில்லை, சுவரில் கல் அடுக்கிய மாதிரியே, கட்டம் கட்டமாக, ஒரு வரி விட்டு ஒரு வரி தள்ளித் தள்ளி வந்தது. களையெடுப்பவன் கோணல்மாணலாகத்தான் நடந்தாக வேண்டும்.

அக்கா மண் மாதிரி எடுக்க வந்திருந்த அன்று, வழியே போன வியாபாரி ஒருவர் வயலைப் பார்த்துச் சிரித்தார். "என்னங்க இது, கண்ணை மூடிட்டு நட்டீங்களா?"

பெரியவன் நிமிரவில்லை. "என் தம்பி வீட்டுச் சுவர் அப்படிங்க."

வியாபாரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அக்காவுக்குத்தான் ஆத்திரம் பொங்கியது. என் தம்பி. அத்தனை வருடத்தில் இப்போதுதான் அந்த வார்த்தை அவன் வாயில் வருகிறது. பொக்லைன் வருவதற்கு முந்தின நாள் இது வந்திருந்தால், அந்த மூன்றடி மண் பிழைத்திருக்கும். கையில் இருந்த மண்ணை அவன் முதுகில் வீசியடித்தாள். அவன் திரும்பிப் பார்த்தான். அவள் வரப்பில் உட்கார்ந்து, பள்ளத்தைப் பார்த்து, வாய்விட்டு அழுதாள்.