ஒருவர் பேரில் திறந்த இணைப்பு

"அந்த ஒரு வரியை எடுத்துடுன்னு காலையிலேருந்து—"

"எடுக்க மாட்டேன்."

"—கரடியா கத்திக்கிட்டு இருக்கேன், நீ என்னடான்னா—"

"நீ சாயங்காலம் வரைக்கும் கத்தினாலும் எடுக்க மாட்டேன் அண்ணா. தொண்டைதான் போகும்."

மூன்று மேஜை போட்டால் நடக்க இடமில்லாத மாடி அறை அது. அண்ணன் நிர்வாகி. தங்கை, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் கொண்டுபோகும் நிரல் தொகுப்பை ஆறு வருஷமாகக் கட்டி வளர்த்தவள். மூன்றாவது மேஜையில், நிரலில் பிழை தேடும் சோதனைக்காரர். எல்லாவற்றையும் நோண்டுவதால் அவருக்குக் 'குடைச்சல்' என்றே பேர்.

நான்கு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு அந்தத் தொகுப்பின் புதுப் பதிப்பு போயாக வேண்டும். நிரலில் அவள் நேற்றுச் சேர்த்த வரியோ, தன் முடிவைப் பார்க்க வரும் நோயாளி மாறும்போதெல்லாம் பழைய இணைப்பை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கச் சொல்கிறது.

"ஒவ்வொரு தடவையும் புதுசா திறந்தா ஆமை வேகம்தான். திறந்து கிடக்கற இணைப்பை மறுபடி உபயோகிச்சா என்ன குடியா முழுகிடும்?"

"முழுகிடும். அதே ஆள் திரும்ப வந்தா அதே இணைப்புல தாராளமா போகட்டும், அதை நான் தடுக்கல. ஆனா அந்தப் பக்கம் இருக்கற ஆஸ்பத்திரி சர்வர், இணைப்பைத் திறந்தவர் யாரோ அவர் பேரைத்தான் ஞாபகம் வெச்சிருக்கும். அடுத்த ஆள் அதுல நுழைஞ்சா முன்னாடி வந்தவரோட ரத்தப் பரிசோதனை முடிவை எடுத்து நீட்டும். நேத்து சோதனையில நீட்டிச்சே!"

"பத்தாயிரத்துல ஒண்ணு."

"அந்த ஒருத்தருக்கு நீ போய்ச் சொல்லு. 'உங்களுக்கு ஒண்ணும் இல்ல, வேற யாருக்கோ வந்தது உங்களுக்குக் காட்டிடுச்சு'ன்னு."

அண்ணன் மூன்றாவது மேஜைப் பக்கம் திரும்பினார். "நீங்க எடுங்க சார் அந்த வரியை."

குடைச்சல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். "பிழையைக் கண்டுபிடிக்கத்தானே சார் என்னைச் சேர்த்தீங்க? பிழை போடறதுக்கு இல்லையே."

அவளுக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் கூட்டா?" அண்ணனின் குரல் தணிந்தது. கத்துவதைவிட அது மோசம் என்று அவளுக்குத் தெரியும். "சரி. இன்னியோட இந்தத் தொகுப்பு உன் பொறுப்புல இல்ல. தள்ளிக்கோ."

ஆறு வருஷம். ராத்திரி பகல் பாராமல் ஒவ்வொரு வரியாகக் கோத்தது. அழுதால் அதையே சாக்காக வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

அவள் அழவில்லை. எழுந்தாள். நாற்காலியை இழுத்து அண்ணன் பக்கம் திருப்பினாள். விசைப்பலகையை மேஜை விளிம்புவரை தள்ளி, திரையில் அந்த வரியைத் திறந்து வைத்தாள்.

"தள்ளிக்கிட்டேன். உட்காரு, உன் கையாலேயே அழி. யாரு அழிச்சாங்கன்னு நாள், மணியோட உன் பேரு நிரலோட மாற்றப் பதிவுல விழும். என்னிக்கும் அழியாது. பரவாயில்லையா அண்ணா?"