ஹாலாஸ்யம் சார் டிக் அடித்த நிகழ்ச்சிகள்

என் மகள் அழகம்மாளுக்கு நாலரை வயதாகியும் பேச்சு வரவில்லை. காது கேட்கும். கூப்பிட்டால் திரும்புவாள். வேண்டியதைக் கையால் காட்டுவாள். பிள்ளைகளோடு விடுங்கள், பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். அதற்காகத்தான் என் மனைவி ராமக்காள் அவளை ஹாலாஸ்யம் சார் வீட்டுக்கு டி.வி. பார்க்க அனுப்பினாள். 1986இல் பழங்காநத்தத்தில் எங்கள் தெருவுக்கு அது ஒன்றுதான்.

சார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பரில் நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்து, குழந்தைகளுக்கு ஆகக்கூடியதைச் சிவப்புப் பென்சிலால் டிக் அடிப்பார். டிக் விழுந்தது எல்லாம் டில்லி. எல்லாம் இந்தி. இந்தி தெரியாததால்தான் தன் மகனுக்கு ரயில்வேயில் பிரமோஷன் நின்றுபோனது என்பது அவருக்கு ஆறாத வயிற்றெரிச்சல். பதினைந்து பிள்ளைகள் ஒரு வார்த்தை புரியாமல், வாயில் விரல் வைத்துத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். சிரித்தால் ஸ்கேல். தெருவில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. வாத்தியார் சொன்னால் அது படிப்பு. நானும் கேட்கவில்லை. பி.யூ.சி.யைப் பாதியில் விட்டவன், மில்லில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குகிறவன், வாத்தியாரிடம் என்ன கேட்பது என்று இருந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து என்னைத் தெருவில் நிறுத்திப் பாராட்டினார். அத்தனை பிள்ளைகளில் என் மகள்தான் ஒழுக்கமாம். வாயே திறப்பதில்லையாம். முன்வரிசையில் இடம் கொடுத்திருக்கிறாராம். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளைக் கூட்டிவரப் போனேன். வாசலுக்கு வெளியே, சாக்கடை ஓரம், சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். உள்ளே இந்தி ஓடியது. சாரின் மருமகள் ஸ்யாமளா கேட் வரை வந்து தணிந்த குரலில் நடந்ததைச் சொன்னாள். சார் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ஸ்யாமளாவே இலங்கை டி.வி.க்குத் திருப்பியிருக்கிறாள். தமிழில் பொம்மலாட்டம். முயல் பொம்மைக்குப் பின்னால் நரி பதுங்கி வந்திருக்கிறது.

"உங்க பொண்ணு எழுந்து நின்னு, 'பின்னால பாரு, பின்னால பாரு'ன்னு கத்தினா. நான் என் காதால கேட்டேன். அந்தச் சமயம் மாமா வந்துட்டார்."

என் மகள் பிறந்து பேசிய முதல் பேச்சு அது. அதற்குத் தண்டனை.

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன்.

"சார், எம்பிள்ள பேசிருக்கா."

"பேசட்டுமே. பாடத்துக்கு நடுவுலயா? டிசிப்ளின்னு ஒண்ணு இருக்கோல்லியோ, வீரணா?"

"எது சார் பாடம்? இந்தா பேசுதே பொம்பள, இதுல ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லுங்க. நான் போறேன்."

அவர் டி.வி.யைப் பார்த்தார். "கேக்கக் கேக்க வரும்" என்றார்.

"அவளுக்குத் தமிழே வரலை சார்."

பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்கள் என்னை ரவுடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். எதிர்வீட்டு நல்லகாமன் என் கையைப் பிடித்து இழுத்தார். "பெரியவர்கிட்ட மல்லுக்கு நிக்காத மாப்ள. நம்ம பிள்ளைகளுக்கும் சேத்துக் கதவச் சாத்திருவாரு." இந்தத் தெருவுக்கு அது போதும். கதவு திறந்திருந்தால் போதும்.

வீட்டில் கெஞ்சிப் பார்த்தோம். அவள் வாய் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து பைபாஸ் ரோட்டில் மொக்கைச்சாமியின் சைக்கிள் கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஆன்டெனாவை மூங்கிலில் கட்டி இலங்கைப் பக்கம் திருப்பியிருந்தார்கள். பீடிப் புகை. வாய்க்கு வந்தபடி பேச்சு. சினிமா என்றாலும் கிரிக்கெட் என்றாலும் டி.வி.யைத் திட்டிக்கொண்டேதான் பார்ப்பார்கள். கெட்ட வார்த்தைதான் பழகுவாள் என்று ராமக்காள் சண்டை பிடித்தாள். பழகட்டும் என்றேன்.

ஒன்பது நாள் ஒன்றும் இல்லை. பத்தாம் நாள் பொம்மலாட்டம் வந்தது. படம் புள்ளி அடித்ததால் மொக்கைச்சாமி டி.வி.க்கு முன்னால் நின்று ஒயரை ஆட்டிக்கொண்டிருந்தான். என் மடியிலிருந்து குரல் வந்தது.

"தள்ளுடா."

மொக்கைச்சாமி திரும்பிப் பார்த்தான். கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவன் ஒயரை விட்டுவிட்டு ஓரமாக நகர்ந்தான். அது அவளுக்குப் போதவில்லை.

"இன்னும்" என்றாள்.