சீட்டிக்கு ஒரு விருந்தாளிப் படிவம்

இந்தோனேசியாவின் செமாராங் நகரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ரெத்னோ குடியிருந்தாள். செருப்பு ஆலையில் வேலை. சந்து முனையில் காவல் கொட்டகை; காலையிலேயே அங்கே உட்கார்ந்து டொமினோ ஆடுகிற ஆண்கள், அவள் தலை தெரிந்தால் சீட்டி அடிப்பார்கள்; ஆரம்பித்து வைப்பவன் புர்வாடி. அதற்குப் பயந்து கால்வாயைச் சுற்றிப் போனதில் இரண்டு நாள் தாமதம். மூன்றாவது தடவை தாமதமானால் வேலை போய்விடும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் தெருத்தலைவர் பாக் தார்சோனோ வீட்டுக்குப் போனாள்; 'பாக்' என்றால் ஐயா.

"புர்வாடி சீட்டி அடிக்கிறான், பாக். எழுதிக்கோங்க."

"சீட்டிக்கெல்லாம் படிவம் இல்லைம்மா. பிறப்புக்கு இருக்கு, இறப்புக்கு இருக்கு, விருந்தாளிக்கு இருக்கு. அவ்வளவுதான்."

வெளியாள் ஒரு நாளுக்கு மேல் தங்கினால் தெருத்தலைவரிடம் பதிய வேண்டும் என்று சந்து வாசலிலேயே பலகை தொங்குகிறது. ரெத்னோ அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப விருந்தாளின்னே எழுதுங்க. முந்தாநாள் காலைல காதுக்குள்ள வந்தது. என்கூடவே சாப்பிட்டுது, என்கூடவே படுத்துது. ஒரு நாள் தாண்டிடுச்சு. பதியலைன்னா என்னைத்தானே கேப்பீங்க?"

பாக் தார்சோனோ சட்டம் என்றால் உயிரை விடுகிற மனுஷர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பெயர்: சீட்டி. ஆணா பெண்ணா என்ற இடத்தில் யோசித்து ஒரு கோடு போட்டார். வந்த இடம்: காவல் கொட்டகை.

"வந்த நோக்கம்?"

"அனுப்பினவனைக் கேளுங்க."

ஆள் அனுப்பியதும் புர்வாடி வந்தான், மனைவி யாத்தியோடு.

"சும்மா விளையாட்டுக்கு, பாக்."

"அதுக்கு இடமில்லை. உறவைப் பாக்க, படிப்பு, வைத்தியம். இதுல எது?"

"வைத்தியம்னு போடுங்க பாக்," என்றாள் யாத்தி. "இவருக்குத்தான்."

அதற்குள் விஷயம் பரவி வாசலில் வரிசை நின்றுவிட்டது. "என் வீட்டுல ஏழு பேர் தங்கியிருக்காங்க, பாக்," என்றாள் மீன் விற்கிறவள். அறுபது வயது துமினி அம்மாள் மெல்லச் சொன்னாள்: "எனக்கு ஒண்ணுதான். பதினாலு வயசுல வந்தது, இன்னும் போகலை."

பாக் தார்சோனோ படிவம் தீருகிற வரை எழுதினார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: இத்தனை நாள் தங்கினது விருந்தாளியே இல்லை, குடியிருப்பு. அனுப்பினவன் குடும்ப அட்டையில்தான் அது சேரும்.

புர்வாடியின் அட்டையில், பிள்ளைகளுக்குக் கீழே சீட்டி ஏறியது. ஞாயிற்றுக்கிழமை தெருவே கூடிச் சாக்கடை வாரினபோது, அட்டையில் உள்ள தலைக்கு மூன்று முழம் என்று அளந்து விட்டார்கள்.

"அது எப்படி பாக் மண்வெட்டி பிடிக்கும்?" என்றான் புர்வாடி.

"பிடிக்காதுதான். அது பங்கையும் நீயே வாரு."

திங்கட்கிழமை ரெத்னோ கொட்டகை வழியாகவே நடந்தாள். பழக்கதோஷத்தில் புர்வாடி உதட்டைக் குவித்தான். பக்கத்தில் இருந்தவன் அவன் வாயைப் பொத்தினான்.

"சும்மா இருடா. உன் அட்டையில இன்னும் ஒரு வரி காலியா இருக்கு, அதுலயும் ஒண்ணை ஏத்திடுவாரு."

சங்கு ஊத இன்னும் நேரமிருந்தது. ஆலை வாசலில் பொரித்த தெம்பே, அந்த ஊர் சோயாத் துண்டு, ஒன்று வாங்கி, நின்று நிதானமாகத் தின்றாள்.